பூனைக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?

அரியாங்குப்பத்துக்காரன் வலைப்பதிவு ஆரம்பிச்சா அரிக்கமேட்டைப் பத்தி ஒரு பதிவாவது போட்டே ஆகணும்னு ஒரு எழுதப்படாத சட்டம் இருக்கு. நானும் போடறேன். ஆனா ரோமானிய ஜாடி, பாசிமணி, அகஸ்டஸ் தலை போட்ட கல்லுன்னு எல்லாரும் எழுதித் தீர்த்தாச்சு. அதனால நான் பூனை வழியா உள்ளே போறேன். சிரிக்காதீங்க, விஷயம் இருக்கு :-)

கேள்வி இதுதான். வீட்டுப் பூனை ராத்திரி பூரா கத்துது, சோபாவுல மூத்திரம் போகுது, தொட்டா கடிக்குது, வயித்து முடியை நக்கி நக்கியே வழுக்கை ஆக்கிக்குது. உடனே நாம என்ன சொல்றோம்? "இதுக்குத் திமிரு", "இது குணமே அப்படி", "பைத்தியம் பிடிச்சிடுச்சு". அதுக்கு என்ன சாப்பாடு போட்டோம்னு யாரும் முதல்ல யோசிக்கறதில்லை. இந்தப் பழக்கம் எவ்வளவு பழசு, அதனால வரலாற்றுல என்னென்ன நடந்ததுன்னு தேடிப் பார்த்தேன். கிடைச்சது பூனைக் கதை மட்டும் இல்லை.

*

குணம் கெட்ட பூனை

சங்க இலக்கியத்துல வர்றது பெரும்பாலும் வெருகு, அதாவது காட்டுப்பூனை. கோழியைப் பிடிக்க இருட்டுல பதுங்கி வர்ற திருடன் வேஷம்தான் அதுக்கு. தொல்காப்பியம் மரபியல்ல எதோட இளசைக் குட்டின்னு சொல்லலாம்னு வர்ற பட்டியல்லயும் வெருகு இருக்கு.

ஈசிஆர்ல வடக்கே ரெண்டு மணி நேரம் போனா மாமல்லபுரம். அர்ச்சுனன் தபசுச் சிற்பத்துல ஒரு பூனை பின்னங்கால்ல நின்னு ரெண்டு கையையும் தூக்கித் தவம் பண்ணும். சுத்தி எலிங்க. ஏழாம் நூற்றாண்டுப் பல்லவர் வேலை. போலிச் சாமியாருக்குப் பூனையை விட்டா ஆளே கிடைக்கலை அவங்களுக்கு. அப்புறம் கம்பர். ராமாயணம் பாட வந்த தன்னை, பாற்கடலையே நக்கிக் குடிச்சிடலாம்னு நினைச்ச ஒரு பூனையோட (அவர் சொல்ற வார்த்தை 'பூசை') ஒப்பிட்டுக்கறார். அவையடக்கம்தான். இருந்தாலும் பேராசைக்கு உதாரணம் பூனை.

ஆக நம்ம ஊர்ல பூனைக்குத் திருட்டுத்தனம், போலித்தனம், பேராசைன்னு எல்லாக் குணமும் கொடுத்தாச்சு. உடம்பு மட்டும் கொடுக்கலை. அதுக்கு வயிறு வலிக்கும், தோல் அரிக்கும்ங்கறது நம்ம கதைகள்ல எங்கயும் வராது.

*

எங்க ஊர்லேர்ந்து போன எலி

இப்ப அரிக்கமேடு. பாண்டிச்சேரிக்குத் தெக்கால நாலு கிலோமீட்டர், அரியாங்குப்பம் ஆத்தங்கரை. இன்னிக்குப் போனீங்கன்னா தோப்பும் ஒரு இடிஞ்ச செங்கல் சுவரும்தான். அந்தச் சுவரும் ரோமர் காலத்தது இல்லை, 18-ஆம் நூற்றாண்டுல பாதிரிமார் கட்டினது. பார்க்க வர்றவங்க அதைத் தொட்டுத் தொட்டு போட்டோ எடுத்துட்டுப் போவாங்க. நாங்களும் மனசு நோகக் கூடாதுன்னு சொல்றதில்லை.

1945-ல மார்ட்டிமர் வீலர் தோண்டினார். 1947-லேர்ந்து 1950 வரைக்கும் பிரெஞ்சுக்காரர் கசால். 1989-லேர்ந்து 1992 வரைக்கும் விமலா பெக்லி. கிரேக்க மாலுமிக் கையேடான பெரிப்ளூஸ் சொல்ற 'பொதுகே' துறைமுகம் இதுதான்னு பொதுவா ஏத்துக்கறாங்க. கிடைச்ச ரோமானிய ஜாடித் துண்டுகளை எலிசபெத் வில்ங்கற அம்மா ஆராய்ச்சி பண்ணினாங்க. நிறைய ஒயின் ஜாடி, கொஞ்சம் ஆலிவ் எண்ணெய் ஜாடி. கூடவே ஸ்பெயின் பக்கத்துலேர்ந்து வந்த 'காரும்' ஜாடியும். காரும்னா மீனை உப்பு போட்டு வெயில்ல புளிக்க வெச்சு எடுக்கற சாறு. கருவாட்டுக்குப் பேர் போன வீராம்பட்டினத்துக்குப் பக்கத்துலயே ஸ்பெயின்லேர்ந்து மீன் சாறு இறக்குமதி! அந்த ஜாடி உடைஞ்ச அன்னிக்கு ஊர்ப் பூனைங்களுக்குத் திருவிழாவா இருந்திருக்கும்னு நினைச்சுக்கறது என் சொந்தக் கற்பனை.

கற்பனை இல்லாத விஷயம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கு. எகிப்தோட செங்கடல் கரையில ரெண்டு துறைமுகம், பெரனிகே, குசேர். நம்ம பக்கத்துக் கப்பல் போய்ச் சேர்ந்த இடங்கள். பெரனிகேல ஒரு ஜாடி நிறைய ஏழரைக் கிலோ இந்திய மிளகு கிடைச்சது. குசேர்ல 'பானை ஒறி'ன்னு தமிழ் பிராமியில எழுதின பானை ஓடு கிடைச்சது. ஒறின்னா உறி. பானையை உறியில தொங்கவிடறது எதுக்குன்னு தமிழனுக்குச் சொல்லணுமா? எறும்பு, எலி, பூனை.

அந்தக் குசேர்லயே ரோமர் காலத்துப் பூனை ஒண்ணோட எலும்புக்கூடு கிடைச்சது. வயிறு இருந்த இடத்துல அது கடைசியா தின்ன சாப்பாடு அப்படியே இருக்கு. என்னன்னா, கருப்பெலி. 1983-ல இதைப் பத்திக் கட்டுரை வெளியிட்டாங்க. கருப்பெலிக்குப் பூர்வீகம் இந்தியா, அதுலயும் தென்னிந்தியான்னு மரபணு ஆராய்ச்சி சொல்லுது. மிளகு மூட்டையோட சேர்ந்து நம்ம எலியும் கப்பலேறிப் போய் எகிப்துப் பூனைக்குச் சாப்பாடு ஆகியிருக்கு. ஏற்றுமதிக் கணக்குல யாரும் எழுதாத சரக்கு.

பெரனிகேல இன்னொரு ஆச்சரியம். ஊர் ஓரத்துல வளர்ப்புப் பிராணிகளுக்குன்னே ஒரு இடுகாடு, கி.பி. 1, 2-ஆம் நூற்றாண்டு. மார்த்தா ஒசிபின்ஸ்காவோட குழு 2021-ல வெளியிட்ட கணக்குப்படி 585 பிராணி. அதுல நூத்துக்குத் தொண்ணூறுக்கு மேல பூனை. சிலதுக்குக் கழுத்துல பட்டை, மணி. எகிப்துல கோயிலுக்கு நேர்ந்துவிட்டுக் கொன்ன மம்மிப் பூனைங்க வேற, இதுங்க வேற. மம்மியாக்கலை, கொன்ன தடயமும் இல்லை. வயசாகியோ சீக்கு வந்தோ செத்ததைக் கொண்டுவந்து மரியாதையா புதைச்சிருக்காங்க. பல்லு போன கிழட்டு நாய்ங்களும் அங்கே இருக்கு. பல்லு போன நாயைப் பாலைவனத்துத் துறைமுகத்துல வெச்சுக் காப்பாத்தணும்னா, அதால எதைத் தின்ன முடியும்னு யோசிச்சு ஒருத்தர் மெனக்கெட்டுப் போட்டிருக்கணும். ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடி ஒரு ஆள் பிராணியோட தட்டைப் பார்த்ததுக்கு அத்தாட்சி இது.

*

மீனும் பாலும் யார் கொடுத்தது?

வீட்டுப் பூனையோட மூதாதை ஆப்பிரிக்க - மேற்காசியக் காட்டுப்பூனை. 2007-ல மரபணு வெச்சு உறுதி பண்ணினாங்க. வறண்ட பூமிப் பிராணி. எலி, பல்லி, சின்னப் பறவைதான் சாப்பாடு. தண்ணிகூட பெரும்பாலும் இரை உடம்புலேர்ந்தே கிடைச்சிடும். அதோட பட்டியல்ல கடல் மீன் கிடையாது. தாய்ப்பாலை விட்டா வேற பாலும் கிடையாது.

'பூனைன்னா மீன், பூனைன்னா பால்' ரெண்டுமே மனுஷன் வெச்ச மெனு. வளர்ந்த பூனை நிறையத்துக்குப் பால்ல இருக்கற லாக்டோஸ் செரிக்காது. குடிக்கும், ஆசையா குடிக்கும், அப்புறம் வயித்தால போகும். போற இடம் உங்க பாயா இருந்தா அதுக்குப் பேரு 'கெட்ட பழக்கம்'. கம்பரோட பூனை பாற்கடலைக் குடிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்னு நான் விவரிக்க விரும்பலை :-)

மீனும் அப்படித்தான். சில வகை மீன்ல வைட்டமின் பி1-ஐ அழிக்கிற நொதி இருக்கு. அதையே நாள் கணக்கா பச்சையா போட்டா பூனை தலை தொங்கும், தள்ளாடும், வலிப்பு வரும். வேகவெச்சா அந்த நொதி செத்துடும்.

டாரின் கதை இன்னும் சுவாரசியம். நாய் உடம்பு தனக்கு வேணுங்கற டாரினைப் பெரும்பாலும் தானே தயாரிச்சுக்கும். பூனைக்கு அது முடியாது, இறைச்சியிலேர்ந்துதான் வரணும். டாரின் இல்லாட்டி பூனைக்கு விழித்திரை கெட்டுப் போகும்னு 1975-ல கண்டுபிடிச்சாங்க. இதயமும் வீங்கித் தளர்ந்து போகும்னு 1987-ல. அந்த ரெண்டாவது ஆராய்ச்சியில சிக்கின பூனைங்க கடையில விக்கற பூனை உணவைத் தின்னதுங்கதான். கம்பெனிங்க அதுக்கப்புறம் டாரின் அளவைக் கூட்டினாங்க. அதுக்கு முன்னாடி எத்தனை பூனை சுவத்துல முட்டிக்கிட்டு 'மந்தப் பூனை'ன்னு பேர் வாங்கிச்சோ.

*

ஆடின பூனைகள்

இந்தப் பதிவை எழுத வெச்சதே இந்தப் பகுதிதான். ஜப்பானுக்குப் போவோம்.

கியூஷூ தீவுல மினமாட்டான்னு ஒரு ஊர். நம்ம வீராம்பட்டினம் மாதிரி மீனவக் குப்பங்கள் இருக்கற வளைகுடா. சிஸ்ஸோங்கற ரசாயனக் கம்பெனி 1932-லேர்ந்து அங்கே அசிட்டால்டிஹைடு தயாரிச்சது. அதுக்குப் பாதரசம் தேவை. கழிவு நேரா கடலுக்கு.

1950-கள் ஆரம்பத்துல ஊர்ப் பூனைங்க விநோதமா நடந்துக்க ஆரம்பிச்சது. தள்ளாடிச்சு, சுத்திச் சுத்தி ஓடிச்சு, எகிறிக் குதிச்சது, கடல்ல விழுந்து செத்துச்சு. ஜனங்க 'பூனை ஆட்ட நோய்'னு பேர் வெச்சாங்க. 1954 ஆகஸ்ட் 1-ஆம் தேதி குமமோட்டோ பத்திரிகையில ஒரு சின்னச் செய்தி: மோடோங்கற குப்பத்துல பூனைங்க கிறுக்குப் பிடிச்சு அத்தனையும் செத்துப் போச்சு, எலித் தொல்லை தாங்கலை, நகராட்சி எலி ஒழிக்க உதவி பண்ணணும். நம்ம புதுச்சேரி பிரெஞ்சுக்காரங்க கையை விட்டு வந்த அதே 1954. செய்தியை இன்னொரு தடவை படிங்க. பூனைங்க செத்தது துணைச் செய்தி, எலிதான் தலைப்புப் பிரச்சினை.

பூனைக்கு என்ன கிறுக்குன்னு கேட்டவங்க உண்டு. பூனை என்ன தின்னுதுன்னு கேட்க ஆள் இல்லை. தின்னது மீன் குடல், செவுள், வலையிலேர்ந்து விழுந்த பொடி மீன். அதே மீனைத்தான் மேல உக்காந்து ஜனங்களும் சாப்பிட்டாங்க. உடம்பு சின்னது, சாப்பாடு முழுக்க மீன்ங்கறதால பூனைக்கு முதல்ல வந்தது. அவ்வளவுதான் வித்தியாசம்.

1956 ஏப்ரல்ல அஞ்சு வயசுக் குழந்தை ஒண்ணை நடக்க முடியாம, பேச முடியாம கம்பெனி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு வந்தாங்க. மே 1-ஆம் தேதி டாக்டர் ஹோசோகாவா ஹஜிமே சுகாதாரத் துறைக்குத் தகவல் கொடுத்தார். அதுதான் நோய் அதிகாரபூர்வமா பதிவான நாள். 1959 ஜூலையில குமமோட்டோ பல்கலைக்கழகம் காரணம் கரிமப் பாதரசம்னு சொல்லிச்சு. அதே மாசம் ஹோசோகாவா ஒரு பூனையோட சாப்பாட்டுல கம்பெனிக் கழிவு நீரைக் கலந்து கொடுக்க ஆரம்பிச்சார். அந்தப் பூனைக்குப் பேர் இல்லை, 400-ங்கற நம்பர்தான். அக்டோபர்ல அது ஆட ஆரம்பிச்சது.

கம்பெனி அந்த முடிவை வெளியே விடலை. கழிவு நிக்கலை. அந்தத் தயாரிப்பு முறை நின்னது 1968 மே மாசம்தான். அரசாங்கம் கம்பெனிக் கழிவுதான் காரணம்னு ஒத்துக்கிட்டது அதே வருஷம் செப்டம்பர்ல. ஹோசோகாவா 1970-ல புத்துநோயோட ஆஸ்பத்திரிப் படுக்கையிலேர்ந்து 400-ஆம் நம்பர் பூனையைப் பத்திச் சாட்சி சொன்னார். சில மாசத்துல இறந்துட்டார். 1973-ல தீர்ப்பு பாதிக்கப்பட்டவங்க பக்கம் வந்தது.

1959-க்கும் 1968-க்கும் நடுவுல ஒன்பது வருஷம். அந்தக் காலத்துல அந்த மீனைச் சாப்பிட்ட கர்ப்பிணிகளை நினைச்சுக்கங்க. 2013-ல பாதரசத்துக்கு எதிரா உலக நாடுகள் போட்ட ஒப்பந்தத்துக்கு அந்த ஊர்ப் பேரையே வெச்சாங்க. இந்தியா 2018-ல ஏத்துக்கிட்டது.

*

அரிப்புக்கு மனசு காரணமா?

விஷம் ஒரு ரகம். நல்ல சாப்பாடே ஒத்துக்காம போறது இன்னொரு ரகம். அதுக்குப் பேர் வந்ததே இருபதாம் நூற்றாண்டுலதான். 1901-ல மொனாக்கோ இளவரசரோட கப்பல்ல போய் கடல் சொறி மீன் விஷத்தை ஆராய ஆரம்பிச்ச ரிஷேயும் போர்த்தியேயும், முதல் தடவை தாங்கின நாய் ரெண்டாவது தடவை துளி மருந்துக்கே செத்துப் போறதைப் பார்த்தாங்க. 1913-ல ரிஷேவுக்கு நோபல். 1906-ல வியன்னா டாக்டர் பிர்கே 'அலர்ஜி'ங்கற சொல்லை உண்டாக்கினார்.

சொல் வந்து சரியா நூறு வருஷம் கழிச்சு, 2006-ல, பூனைக்கு ஒரு முக்கியமான ஆராய்ச்சி வந்தது. முடியை நக்கியே வழுக்கையாக்கிக்கற 21 பூனை. எல்லாம் 'மனநோய்'னு சந்தேகப்பட்டு அனுப்பப்பட்டதுங்க. முழுசா பரிசோதிச்சா 16-க்கு உடம்புல காரணம் இருந்தது. மூணுக்கு ரெண்டும் கலந்து. சுத்தமா மனசு மட்டும் காரணம்னு நின்னது ரெண்டே ரெண்டு. 21-ல 12 பூனைக்குச் சாப்பாடு ஒத்துக்காததும் ஒரு காரணம்.

எந்தச் சாப்பாடு? 2016-ல 78 பூனைகளோட பதிவுகளைத் தொகுத்ததுல மாட்டிறைச்சி 18 சதவீதம், மீன் 17, கோழி 5. கோதுமை, சோளம், பால் வகை ஒவ்வொண்ணும் 4. மீன் கெட்டதுன்னு அர்த்தம் இல்லை. அடிக்கடி போடற புரதத்துமேலதான் அலர்ஜி வர வாய்ப்பு அதிகம். தினமும் மீன் போடற ஊர்ல மீனைச் சந்தேகிக்கறது நியாயம்.

கண்டுபிடிக்கற வழி நம்ம தொழில்காரங்களுக்கு ரொம்பப் பழக்கமானது. கோட்ல எந்த வரி பிரச்சினைன்னு தெரியலையா? சந்தேகமானதை எல்லாம் கமெண்ட் பண்ணிட்டு, ஓடுதான்னு பார்த்துட்டு, ஒவ்வொண்ணா திருப்பிச் சேர்ப்போம் இல்லையா? அதேதான். பூனை இதுவரைக்கும் தின்னாத ஒரே ஒரு புரதம், இல்லாட்டி டாக்டர் எழுதித் தர்ற விசேஷ உணவு. எட்டு வாரம். நடுவுல ஒரு துண்டு நெத்திலி, பக்கத்து வீட்டு ஒரு கரண்டி பால் எதுவும் கூடாது. குறைஞ்சா பழைய சாப்பாட்டைத் திருப்பிப் போட்டு மறுபடி வருதான்னு பார்க்கணும். ரத்தப் பரிசோதனையில இதை நம்பகமா சொல்ல முடியாது.

என்கூட வேலை பார்க்கற ஒருத்தரோட பூனை இப்படித்தான் வயிறு பூரா வழுக்கை. 'தனியா விட்டுட்டு ஆபீஸ் போறீங்க, அதான் ஏக்கம்'னு ஒரு கால்நடை மருத்துவர் சொல்லிட்டார். அந்தப் பொண்ணு குற்ற உணர்ச்சியிலயே பாதி ஆயிட்டாங்க. யாருக்காவது கொடுத்துடலாம்னு பேச்சு வரைக்கும் போயாச்சு. வேற மருத்துவர் எட்டு வாரக் கணக்கைச் சொல்லி அனுப்பினார். ஏழாவது வாரம் முடி முளைச்சது. சூரை மீன் டப்பாவைத் திரும்பத் திறந்த நாலாம் நாள் நக்கல் ஆரம்பிச்சது. இப்ப அந்த வீட்டுல சூரைக்குத் தடை, பூனைக்கு முழுக் கோட்டு. ஏக்கம்லாம் ஒண்ணும் இல்லையாம், அவங்க ஆபீஸ் போனதும் நல்லா தூங்குதாம்.

*

கடைசியா

பூனை பேசாது. நடந்துக்கறது மட்டும்தான் அதோட பேச்சு. அதை 'குணம்'னு முத்திரை குத்தினா விசாரணை அதோட முடிஞ்சு போகுது. மாமல்லபுரத்துச் சிற்பத்துல அது நகைச்சுவை. மினமாட்டாவுல அதுக்கு விலை மனுஷ உயிர்.

பூனை கண்ணை மூடிக்கிட்டா பூலோகம் இருண்டு போச்சுன்னு நினைக்குமாம், நாம சொல்றோம். மோடோ குப்பத்துல பூனைங்க எல்லாருக்கும் முன்னாடியே சொல்லிடுச்சு. கண்ணை மூடிக்கிட்டது வேற ஆளுங்க.

அதனால மக்களே, வீட்டுல பூனை திடீர்னு மாறிச்சுன்னா திட்டறதுக்கு முன்னாடி தட்டைப் பாருங்க. அப்புறம் டாக்டர்கிட்ட காட்டுங்க. ஊர்ல நாலு பூனை ஒரே மாதிரி மாறிச்சுன்னா, உங்க தட்டையும் பாருங்க.

டிஸ்கி: நான் பொட்டி தட்டறவன், கால்நடை மருத்துவன் இல்லை. எட்டு வாரச் சோதனையை மருத்துவர் துணை இல்லாம பண்ணாதீங்க. பூனை ரெண்டு மூணு நாள் சாப்பிடாம இருந்தாலே ஈரல் கெட்டுப் போகும். 'பசிச்சா தானா தின்னும்'ங்கற நம்ம அம்மா வைத்தியம் பூனைக்கு ஆகாது.